சூரபன்மனும் பேரவாவும்

திருச்சிற்றம்பலம்

(கந்தர் சட்டிப் பெருவிழாவின் ஆறாம் நாள் மாலை, திருக்கோயில் முன்மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு. திருக்குடமுழுக்கு மலருக்கென எழுத்து வடிவிற் செப்பஞ்செய்து தரப்பெற்றது.)

  

இன்னும் சிறிது நேரத்திற் சூரசங்காரம் தொடங்கவிருக்கின்றது. யான் மண்டபத்தினுள் நுழையும்போது வெளித்திண்ணையில் சூரன் உருவத்தைச் சார்த்தி வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள். ஒருவன் மீசையைத் தொட்டுப் பார்க்கிறான். மற்றொருவன் ஆனைத்தலையைத் தூக்க முயல்கிறான். அருகில் நின்ற அன்பர் ஒருவர், "தொடாதீர்கள், இன்னும் ஒரு நாழிகைதான் அவனுக்கு ஆயுள்" என்று நகைத்தார். சிறுவர்களும் நகைத்தார்கள். எனக்கு நகைப்பு வரவில்லை. ஆண்டுதோறும் அவன் தலை வீழக் கண்டு ஆர்ப்பரிக்கின்றோம். வீழ்ந்தவன் யார், எவ்வாறு அந்நிலைக்கு வந்தான் என்று கேட்பார் அரியர். ஆதலின் முருகப்பெருமான் எழுந்தருளும் வரையில் உள்ள இச்சிறு பொழுதில், அவன் அருளை முன்னிட்டே, சூரன் பக்கம் நின்று சில சொற்கள் பேச விழைகின்றேன். சங்காரத்துக்கு முன் எதிரியின் வழக்கையும் ஒருவர் எடுத்துரைத்தல் முறைதானே!

வீழ்ச்சியைப் பாடும் இலக்கியத்திற்கு மேனாட்டார் தனியே இலக்கணம் வகுத்துள்ளனர். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், துன்பியல் நாடகத்தின் தலைவன் முற்றும் நல்லவனாகவும் இருத்தல் கூடாது, முற்றும் தீயவனாகவும் இருத்தல் கூடாது என்றார். நல்லவன் கெட்டால் நெஞ்சு பொறாது. தீயவன் கெட்டால் நெஞ்சு இளகாது. உயர்ந்த நிலையில் நின்ற ஒருவன், தன்னிடத்துள்ள ஒரு பிழையால் வீழ்தல் வேண்டும்; அவ்வீழ்ச்சியே காண்பார்க்கு இரக்கத்தையும் அச்சத்தையும் தரும் என்பது அவர் கருத்து. ஆங்கிலப் புலவர் செகப்பிரியர் 1606-ஆம் ஆண்டையொட்டி இயற்றிய மாக்பெத் நாடகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு என்பர். எனக்கு ஆங்கிலப் பயிற்சி மிகக் குறைவு. அம்மொழி வல்ல அன்பர் ஒருவர் பல மாலைப்பொழுதுகளில் அந்நாடகத்தை வரிவரியாகப் படித்துப் பொருள் சொல்லக் கேட்டேன். கேட்கக் கேட்க, "இவன் நம் சூரனன்றோ!" என்றே நெஞ்சம் சொல்லிற்று.

மாக்பெத் அரசனுக்கு உண்மையாய் ஊழியம் புரிந்த வீரன். சூனியக்காரிகள் மூவர், "நீ அரசனாவாய்" என்று சொன்ன ஒரு சொல் அவன் செவியில் விழுகின்றது. மனைவி அச்சொல்லை ஊதி ஊதிக் கனலாக்குகின்றாள். தன் வீட்டுக்கு விருந்தாக வந்த அரசனைக் கொல்லுகின்றான். முதற்கொலைக்கு முன் அவன் கை நடுங்கிற்று. அடுத்துத் தோழனைக் கொல்விக்கும்போது நடுக்கம் இல்லை. பின்னர் ஒரு பிரபுவின் மனைவி மக்களைக் கொல்விக்கும்போது அது நினைக்கத் தக்க செய்தியாகவும் அவனுக்குத் தோன்றவில்லை. அரியணைக்கு அவன் ஏற ஏற, உள்ளே இருந்த மனிதன் படிப்படியாக இறங்கிப் போனான். இஃது அக்கதை. இனி நம் கதைக்கு வருவோம்.

காஞ்சிக் குமரகோட்டத்து அருச்சகர் கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணம் ஆறு காண்டங்களை உடையது. அவற்றுள் இரண்டாவதாகிய அசுர காண்டம் முழுதும் சூரன் வளர்ந்த வரலாறே. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையுடைய ஒரு நூலில், ஒரு காண்டத்தையே எதிரிக்கென்று ஒதுக்கிய கவியுள்ளத்தை யாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துத் திருக்கோயில்களில் இன்றும் இப்புராணத்தை ஒருவர் படிக்க, ஒருவர் பயன் சொல்ல, ஊரார் அமர்ந்து கேட்கும் வழக்கம் உண்டு. புராண படனம் என்பர். கொங்குநாட்டிலோ சூரனை வதைக்கும் நாளை மட்டும் யாம் கொண்டாடுகின்றோம். சூரன் பிறந்த பகுதியைப் படிப்பார் இலர். இது குறையே. குறையென்று சொல்வதற்கு எனக்கு வயது இடந்தருகின்றது.

அசுரர் குலம் தாழ்ந்திருந்த காலம். அசுரேந்திரன் மகள் சுரசை என்பாள். அசுர குருவாகிய சுக்கிரன் அவளுக்கு மாயவித்தைகளைப் பயிற்றி, மாயை என்னும் பெயருஞ் சூட்டி, தவமுனிவராகிய காசிபரிடத்து அனுப்புகின்றான். அவர்க்கும் அவளுக்கும் ஓரிரவின் நான்கு யாமங்களில் முறையே சூரபன்மனும், ஆயிரஞ் சிங்கமுகங்கொண்ட சிங்கமுகனும், யானைமுகத் தாரகனும், ஆட்டுமுக அசமுகியும் தோன்றினர். ஈண்டு ஒன்று மறவாது கொள்க. தேவர்களும் காசிபர் மக்களே. அதிதி வயிற்றிற் பிறந்தவர்கள். எனவே பின்னாளிற் சூரன் சிறையிட்டது அயலாரை அன்று; தன் தந்தையின் மக்களையும் அவர்தம் மக்களையுமே.

பிறந்த பிள்ளைகளை அழைத்துத் தந்தை உபதேசிக்கின்றார். இறை, உயிர், தளை என்னும் மூன்றின் இயல்பை விளக்குகின்றார். அறம் செய்க, தவம் செய்க, சிவனைச் சார்க என்கின்றார். மார்க்கண்டேயர் காலனை வென்ற வரலாற்றையும் விரித்துரைக்கின்றார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நிற்கின்றார்கள். உடனே தாய் குறுக்கிடுகின்றாள்: இவையெல்லாம் முனிவர்க்கு ஏற்றவை, உங்களுக்கு வேண்டியன செல்வமும் வலிமையும், வடபுலஞ் சென்று வேள்வி புரிந்து வரம் பெறுங்கள் என்பது அவள் உரையின் சாரம். ஒரே முற்றத்தில், ஒரே நாளில், இரண்டு உபதேசங்கள். பிள்ளைகள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள்.

பேரவா சூரனோடு உடன்பிறந்தது அன்று, அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. மாக்பெத்துக்குச் சூனியக்காரிகள் சொன்னார்கள், மனைவி சொன்னாள். சூரனுக்குத் தாய் சொன்னாள், பின்னர்க் குரு சொன்னான். தாய்மார்கள் நிரம்ப அமர்ந்திருக்கும் இவ்வவையில் இதனைச் சொல்லச் சிறிது கூச்சமாகவே உள்ளது. ஆயினும் சொல்லாது விடுவதற்கில்லை. பள்ளியிலிருந்து வரும் பிள்ளையை, "என்ன படித்தாய்?" என்று கேளாது, "எத்தனையாவதாக வந்தாய்?" என்று கேட்கும் வழக்கம் இன்று எல்லார் வீட்டிலும் உண்டு. என் வீட்டிலும் உண்டு. என் பேரனைக் கேட்டவன் யானே.

இனி, உயர வேண்டும் என்னும் நினைவே குற்றமோ எனின், அன்று. திருவள்ளுவர் ஊக்கமுடைமைக்கென 60-ஆம் அதிகாரத்தையே வகுத்தார். அவரே 37-ஆம் அதிகாரத்தில் அவாவறுத்தலையும் வைத்தார். ஊக்கம் செயலை நோக்கும். அவா தன்னை நோக்கும். இவ்வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமராவதி நீரை நம்பி நெல்லும் கரும்பும் விளைவித்த குடும்பங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் உடுமலையின் நூற்பாலைகளுக்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் சென்றார்கள். பிறர் தறியிலும் தையற்பொறியிலும் கூலிக்கு உழைத்துப் பின் தாமே தொழில் தொடங்கியவர்கள் பலர். கடல் கடந்த நாடுகளில் அவர்கள் தைத்த ஆடை உடுக்கப்படுகின்றது. அஃது ஊக்கம். அதனை யார் குறை கூறுவார்? சூரனிடத்தும் முதலில் இருந்தது அதுவே.

அவன் வேள்வியைக் கேளுங்கள். ஆண்டுகள் பல்லாயிரம் தீயின் முன் நின்றான். இறைவன் வரவில்லை. தன் தசையை அரிந்து அவியாகச் சொரிந்தான். குருதியை நெய்யாகப் பெய்தான். அப்போதும் வரவில்லை. முடிவில் விண்ணில் எழுந்து, வேள்விக்குண்டத்து நடுவே நட்ட வச்சிரத் தம்பத்தின்மேல் வீழ்ந்து உடல் பிளந்து எரிந்தான். தம்பியர் அலறினர், சிங்கமுகன் தானும் மாளத் துணிந்தான். அந்நிலையிலேதான் சிவபெருமான் முதிய அந்தணராய் வந்து, கங்கையை அத்தீயில் வருவித்து, அவனை உயிரோடு எழுப்பி வரமளிக்கின்றார். ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகங்கள் ஆளும் ஆட்சி, வச்சிர யாக்கை, இந்திரஞாலத் தேர், தம் சத்தியாலன்றிப் பிறிது எதனாலும் அழிவின்மை. இத்துணைத் தவமும் இத்துணை உறுதியும் உடைய ஒருவனை இழிந்தவன் என்று கூற எனக்கு நா எழவில்லை. சிவனையே கண்ணாரக் கண்டவன் அவன். நம்முள் எவர் கண்டோம்?

அவ்வாறாயின் கெட்டது எப்போது? வரம் பெற்ற பின்னர்ச் சுக்கிரனிடஞ் சென்றான். அங்கே கேட்ட உபதேசம் நச்சுப்பாற்கடல் போன்றது. நீயே பிரமம், உனக்கு மேல் ஒருவன் இல்லை, அறமும் மறமும் ஒன்றே, தேவரை வருத்து, அவர் பொருளைக் கவர் என்று குரு கூறினான். மெய்ந்நூலின் சொற்களையே எடுத்து அவாவுக்கு ஆடையாகத் தைத்துத் தந்துவிட்டான். தவறு செய்கிறேன் என்று அறிந்து செய்பவனுக்கு மீட்சி உண்டு. தவறே தத்துவம் என்று கற்றவனுக்கு வழி அடைபட்டு விடுகின்றது. சூரன் ஒன்றை மட்டும் கேட்டிருக்கலாம்: "யானே பிரமமாயின், எரிந்து கிடந்த என்னை எழுப்பியவர் யார்?" அதனை அவன் கேட்கவில்லை. குருவும் நினைவூட்டவில்லை.

பின்னர்த் திக்குவிசயம். அளகைக் குபேரன் போரின்றிப் பணிந்தான். திசை காவலர் ஒவ்வொருவராய்த் தோற்றனர். தாரகன் மார்பில் திருமாலின் சக்கரம் பதக்கமாய்த் தங்கிற்று. தென்கடலில் வீரமகேந்திரபுரம் எழுந்தது. தேவதச்சன் மகள் பதுமகோமளை அரசியானாள். அவள் வயிற்றுப் பிறந்த பானுகோபன் தொட்டிற் பருவத்திலேயே, தன்மேல் வெயில் வீசியதற்காகச் சூரியனைப் பிடித்துக் கட்டிவைத்தான். கட்டியது குழந்தை; கண்டு மகிழ்ந்தது தந்தை. இவற்றையெல்லாம் புராணம் விரிவாகப் பாடுகின்றது. யான் விரிக்கவில்லை. வெற்றிகள் எல்லாம் ஒன்று போலவே இருப்பவை.

ஆனால் ஒரு செய்தியில் என் மனம் எப்போதும் நின்றுவிடும். தேவர்களைச் சூரன் ஏவல் கொண்டான் அல்லவா? என்ன ஏவல்? கடல்மீனைப் பிடித்துச் சுமந்து வந்து தரவேண்டும் என்றான். ஆயிரத்தெட்டு அண்டம் ஆள்பவனுக்கு மீன் கொணர ஆளில்லையா? மீன் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. மீன்கூடையின் கீழ்த் தேவர் தலை குனிவதைக் காண்பதே வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் சிவனைக் காண வேண்டும் என்று தன் உடலையே தீயிலிட்டவன், இப்போது இந்திரன் தலையில் மீன் நாறுவதைக் காணக் காத்திருக்கின்றான். அண்டங்கள் பெருகின; ஆள் சிறுத்துவிட்டான். பேரவா செய்யும் மாறுதல் இதுவே என்று எனக்குத் தோன்றுகின்றது. கொடுமை பின்னர் வருவது. முதலில் வருவது சிறுமை. எல்லாவற்றையும் பெற்றவனுக்கு இனிப் பெற ஒன்றுமில்லாது போகவே, பிறரிடம் இருப்பது குறைவதிலேதான் அவனுக்கு இன்பம் பிறக்கின்றது.

இந்திரன் மனைவியோடு சீகாழிக்கு ஓடி ஒளிந்து, சிவபூசைக்கு நந்தவனம் வளர்த்து வாழ்ந்தான். அங்கே இந்திராணியைப் பற்ற முயன்ற அசமுகியின் கையைக் காவலராகிய மாகாளர் வெட்டினார். அதன் விளைவாக இந்திரன் மகன் சயந்தனும் தேவரும் சிறைப்பட்டனர். முருகப்பெருமான் அவதரித்து, தாரகனையும் கிரவுஞ்ச மலையையும் அழித்துத் திருச்செந்தூரில் எழுந்தருளி, வீரவாகு தேவரைத் தூதாக அனுப்பினார். அழிப்பதற்கு வந்தவன் முன்னதாகத் தூது அனுப்புகின்றான். சிறை விடுக, வாழ்க என்பதே தூதின் பொருள். நாடு கேட்கவில்லை, அண்டம் கேட்கவில்லை, வரத்தைத் திருப்பிக் கேட்கவுமில்லை. சூரன் மறுத்தான். ஒரு சிறுகுழந்தையின் சொல்லுக்கு யான் பணிவதா என்று இகழ்ந்தான்.

அதன்பின் கூடிய அமைச்சவையில் சிங்கமுகன் எழுந்து பேசுகின்றான். அமைச்சர் எல்லாரும் அரசன் முகத்தைப் பார்த்துப் பேசுகையில் அவன் ஒருவனே அறத்தைப் பார்த்துப் பேசினான். வரம் தந்தவர்க்கு அதனை மீட்கவும் வல்லமை உண்டு. வந்திருப்பவர் குழந்தை வடிவில் வந்த பரம்பொருள். தேவரை விட்டுவிடு என்றான். சூரன் அவனை அச்சமுற்றவன் என்று பழித்தான். சிங்கமுகன் வாதிடவில்லை. உனக்காகப் போர்செய்து மடிகின்றேன் என்று பணிந்தான். உண்மையை அறிந்தும் அண்ணனுக்காக மடிந்த அவனை நினைக்கும்போதெல்லாம் கும்பகருணன் நினைவு வரும். மகன் இரணியனும் தந்தைக்கு நல்லுரை சொன்னான், பயனில்லை. போர்க்களம் புகுந்து, முடிவை உணர்ந்து, தந்தைக்கு நீர்க்கடன் செய்ய ஒருவனேனும் எஞ்ச வேண்டும் என்றெண்ணி மீன்வடிவங் கொண்டு கடலுள் மறைந்தான். தேவர் தலையில் மீன்கூடை ஏற்றிய தந்தையின் மகன் மீனாகி ஒளிந்தான். புராணங்கள் சொல்லாமற் சொல்லும் இடங்கள் இவை.

தம்பியர் மாண்டனர், பானுகோபன் மாண்டான், படை மாண்டது. தாய் மாயை வந்து வழிகாட்ட, அமுதமந்தர மலையைக் கொணர்ந்து இறந்தாரை எழுப்பினான். எழுந்தவர்களும் மீண்டும் எரிந்தனர். தனியனாய் நின்ற சூரன்முன் முருகப்பெருமான் தம் பெருவடிவத்தைக் காட்டியருளினார். அண்டங்கள் அனைத்தும் அத்திருமேனியில் அடங்கக் கண்டான். அவனுக்குச் சிறிது நேரம் மெய்யறிவும் அருளப்பட்டது. கந்தபுராணத்தின் சிகரம் இந்த இடமே என்பேன். இகழ்ந்த வாயால் இறைவனைப் புகழ்கின்றான். கால்கள் அவனை வலம்வரத் துடிக்கின்றன. கைகள் கூப்பத் துடிக்கின்றன. தலை தாழவும் நா வாழ்த்தவும் விரும்புகின்றன. தீமை முழுதும் நீங்கிற்று என்றும் அவனே உணர்கின்றான். ஆயினும் அவன் வணங்கவில்லை. எல்லாம் போனபின்னும் ஒன்று மட்டும் போகாது நின்று தடுத்தது. அது மானம்.

மாக்பெத்தும் இறுதியில் இவ்வாறே நிற்கின்றான். எல்லாம் பொய்த்துவிட்டது, பணிந்தால் உயிர் பிழைக்கலாம் என்று பகைவன் சொல்லுகின்றான். இளைஞனாகிய மால்கம் என்பானுடைய அடியில் மண்டியிட மாட்டேன் என்று மறுத்து வாளை எடுக்கின்றான். அங்கே ஓர் இளைஞன். இங்கே ஒரு பாலகன். எத்துணையோ தொலைவிலுள்ள இரு நாட்டுப் புலவர்கள் கைகோத்தாற்போல ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர்.

இந்த மானத்தை யான் நூலில் மட்டும் கற்றவன் அல்லேன். இருபது வயதில் ஒரு திருமடத்துப் பாடசாலையில் பயின்றேன். குருபூசை நாளில் மாணாக்கரிடையே சொற்போர் நிகழும், வென்றவர்க்குப் பொன்னாடை. ஓராண்டு என் எதிரில் நின்றவர் என்னோடு ஒரே அறையில் உறைந்து, ஒரே விளக்கிற் படித்த நண்பர். ஒரு பாடலுக்கு அவர் உரைத்த பொருளே சரியானது. பாதிப் பேச்சிலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. ஆயினும் பொன்னாடை கண்முன் தொங்கிற்று. குரலை உயர்த்தினேன், மேற்கோளை மேற்கோளின்மேல் அடுக்கினேன், அவர் இயல்பாகவே திக்கிப் பேசுபவர், அதனைப் போலச் செய்து காட்டி அவையோரை நகைக்கவும் வைத்தேன். ஆடை எனக்குக் கிடைத்தது. இரவு அறைக்குத் திரும்பியபோது அவர் விழித்திருந்தார். "நீர் சொன்னதே சரி" என்னும் மூன்று சொல் என் நாவின் நுனியில் நின்றது. நின்றதே யன்றி வெளிவரவில்லை. சில திங்களில் அவர் படிப்பை விட்டு ஊருக்குச் சென்றுவிட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் ஊரை வினவிக்கொண்டு போனேன். அவர் மறைந்து ஈராண்டாகி விட்டிருந்தது. ஆயிரத்தெட்டு அண்டத்துக்காக மட்டுந்தான் ஒருவன் கெடுவான் என்று எண்ணாதீர்கள். நாலு முழ ஆடைக்காகவும் கெடலாம்.

கதை அங்கே முடியவில்லை. பெருவடிவத்தை மறைத்துப் பெருமான் முன்னை வடிவில் நின்றார். கொடுத்த அறிவும் உடன் நீங்கிற்று. சூரன் மீண்டும் சினந்தான். இருளாய்ப் பரந்தான். பின் கடல் நடுவே மாமரமாய் நின்றான். வேல் மரத்தைப் பிளந்தது. மீண்டும் தன் உருக்கொண்டு வாளேந்தி வந்தவனை இரு கூறாக்கியது. வச்சிர யாக்கை மடியவில்லை. கூறு இரண்டும் சேவலும் மயிலுமாகிச் சீறி வந்தன. பெருமான் அவற்றை அருள்நோக்கால் நோக்கினார். சீற்றம் தணிந்தது. சேவல் கொடியிற் சென்றமர்ந்தது, மயில் ஊர்தியாயிற்று.

மேனாட்டுத் துன்பியல் தலைவனுக்கும் நம் சூரனுக்கும் வழி இவ்விடத்திற் பிரிகின்றது. மாக்பெத்தின் தலையை ஏந்தி வருவதோடு நாடகம் முடிகின்றது. நம் புராணத்தில் தலைவன் முடிவதில்லை. அதற்குக் காரணம் சைவசித்தாந்தத்தில் உண்டு. சூரன் ஆணவமலம், சிங்கமுகன் கன்மமலம், தாரகன் மாயாமலம் என்று பெரியோர் கூறுவர். செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியே பொருந்தியது ஆணவம். அஃது அழியும் பொருள் அன்று. திருவருளால் அதன் சத்தி மடங்கும், அவ்வளவே. ஆகவே சூரன் அழியாமல் மயிலாய் நிற்றல் கதைக்கு ஓர் இனிய முடிவு தேடி வைத்ததன்று. சாத்திரத்துக்கு இயைந்த முடிவு. உலகனைத்தையும் தாங்குவேன் என்று அவாவிய முதுகே இறைவனைத் தாங்குகின்றது. முன்னர்ச் சுமக்க வைத்தவன் இப்போது சுமக்கின்றான்.

நம் பழனியிலும் இவ்வண்ணம் ஒருவன் இருக்கின்றான். கணியூரிலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பவர்கள் அவனை அறிவீர்கள். இடும்பன் அசுரர்க்கு வில்வித்தை பயிற்றிய ஆசிரியன். சூரன் போரில் எஞ்சியவன். அகத்தியர் ஏவலால் இரு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்து பழனியில் இறக்கி வைத்தான். பின்னர் எடுக்க முயன்றபோது குன்று அசையவில்லை. மேலே நின்ற பாலகனோடு போரிட்டு மாண்டான். அகத்தியரும் இடும்பியும் வேண்ட உயிர் பெற்றான். இன்று அவனை வணங்கியே மலையேறுகின்றோம். சூரனுக்குப் பாடம் சொன்ன கூட்டத்தைச் சேர்ந்தவன் பிறர் சுமையைத் தன் தோளில் ஏற்றமையால், நாம் தூக்கும் ஒவ்வொரு காவடியிலும் நினைக்கப்படுகின்றான்.

இனித் திருப்பணிக் குழுவினர்க்கு ஒரு சொல். கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நன்கொடையாளர் பெயர்களைக் கருங்கற்பலகையிற் பொறிக்கவிருக்கின்றீர்கள் என்றும், யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பதில் மூன்று கூட்டங்கள் கூடியும் முடிவு எட்டவில்லை என்றும் கேள்வியுற்றேன். பெயர் பொறிப்பது தவறன்று. ஏறத்தாழ 1010-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருங்கோயிலை நிறைவித்த முதலாம் இராசராசன், தான் கொடுத்தவற்றோடு, தன் தமக்கையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், ஏனையோர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். ஈழமும் கங்கபாடியும் வென்ற பேரரசன், பெயரறியாக் கொடையாளர்க்குத் தன் கோயிற் சுவரில் இடம் ஒதுக்கினான். அவனுக்கும் பேரவா இருந்தது. அத்துணைப் பெரிய விமானம் அவாவின்றி எழாது. ஆனால் பிறர் பெயர் குறையவேண்டும் என்று அவன் அவாவவில்லை. உங்கள் பலகைக்கு எழுத்து வரிசையையோ, கொடுத்த நாளின் வரிசையையோ கொள்ளுங்கள். அன்றி, சாரத்தின்மேல் நின்று சுதை பூசும் தொழிலாளரின் பெயர்களை முதலில் வெட்டிவிட்டால் வழக்கே தீர்ந்துவிடும். இது விளையாட்டுக்குச் சொன்னதன்று.

இன்னும் ஒன்று சொல்லி அமைகின்றேன். நம் மாவட்டத்திலேயே அவினாசியை அடுத்துத் திருமுருகன்பூண்டி உள்ளது. சுந்தரமூர்த்தி நாயனார் சேரமான் தந்த பொருளை இறைவனின் பூதகணங்களிடம் பறிகொடுத்துப் பாடிய தலம். அத்தலத்துக்கு முருகன் பெயர் வந்த காரணத்தைத் தலபுராணம் வேறாகச் சொல்லுகின்றது. சூரனை வதைத்த பழி தீர, முருகப்பெருமான் அங்கு வந்து வேலையும் மயிலையும் புறத்தே நிறுத்திவிட்டு உட்சென்று சிவனை வழிபட்டாராம். காசிப முனிவரின் மகனைக் கொன்றதனால் வந்த பழி. தேவர் சிறை மீட்கச் செய்த போர், அறப்போர், தூதனுப்பி, பெருவடிவு காட்டி, அறிவும் அருளியபின் செய்த வதை. அதற்கும் வென்றவர் சென்று கழுவாய் தேடினார். வெளியே நிறுத்தப்பட்ட மயில் யார்? சூரன். தன்னை வதைத்த பழிக்காகத் தன்னை வதைத்தவர் உள்ளே வழிபடுகையில், வாயிலில் அவன் காத்து நிற்கின்றான். இவ்வளவு மரியாதை எந்த நாட்டுப் பகைவனுக்குக் கிடைத்தது?

வெளியே தவில் ஒலி கேட்கின்றது. சிறுவர்கள் ஓடுகின்றார்கள். சூரனைத் தூக்கிவிட்டார்கள் போலும். எழுந்து சென்று காண்போம். தலை வீழும்போது ஆர்ப்பரிப்பவர்கள் ஆர்ப்பரியுங்கள். யான் அந்த மயில் வரும்வரை அங்கேயே நிற்பேன்.

திருச்சிற்றம்பலம்